செடிக்குப் பொய் தெரியாது

பிரகல்யாவின் தோட்டம் அன்றைக்கும் பதினோரு பங்கு கொடுத்திருந்தது. வாங்கியது, வழக்கம்போல, கீழ்த்தோட்டத்து ஓவியா.

சந்தைக் கொட்டகையின் முகப்பில் பங்குப்பலகை மாட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பத்திகள். இடது பக்கம் கொடுப்போர், வலது பக்கம் வாங்குவோர். விடிந்ததும் எண்கள் மாறும். பலகையின் தலையில், இருபத்திரண்டு வருட வெயிலில் வெளிறிய பச்சை எழுத்தில், ‘செடிக்குப் பொய் தெரியாது’ என்று இருக்கும். வெள்ளோடைப்பாளையத்தின் நாற்பது குடும்பங்களும் அதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டதால் இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பிரகல்யா மட்டும் தினமும் காலையில் பலகை முன்னால் வந்து நிற்பாள். தன் தோட்டத்துச் சத்து எவ்வளவு ஓவியாவின் கத்தரிக்காய்க்குள் போய்ச் சேர்ந்தது என்று பார்த்து, வயிறெரிந்து, அதன் பிறகுதான் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பாள்.

மண்ணுக்கடியில் பகிர்வேர் ஓடியது. பெயர்தான் வேர், உண்மையில் அது பூஞ்சை. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, நாற்பது தோட்டங்களுக்கும் அடியில் ஒரே வலையாகப் பரவ விட்டிருந்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழைகள். ஒரு செடிக்குப் பசித்தால் அதன் வேர் ஒரு சாற்றைக் கசிய விடும். அதற்கு முறையீடு என்று பெயர். இழை அந்தச் சாற்றை ருசி பார்த்துவிட்டு, எந்தத் தோட்டத்தில் மிச்சம் இருக்கிறதோ அங்கிருந்து நீரையும் சத்தையும் இழுத்து வந்து ஊட்டும். வரப்பு என்பது மேலேதான் இருந்தது, கீழே இல்லை. பகிர்வேர் வந்த பிறகு ஊருக்குள் ஒரு உர லாரி நுழைந்ததில்லை. முப்பது கிலோமீட்டருக்குள் விளைந்ததை மட்டுமே தின்பது என்று நாற்பது குடும்பமும் எடுத்துக்கொண்ட உறுதி, மழை பொய்த்த வருடங்களிலும் பொய்க்கவில்லை.

இதிலெல்லாம் பிரகல்யாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய குறைக்குப் பெயர் ஓவியா.

ஓவியா ஒன்பது வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தவள். பழைய செங்கல் சூளை இருந்த பள்ளத்தை வாங்கினாள். மேல்மண்ணையெல்லாம் சுரண்டிச் சுட்டு வீடுகளாக அனுப்பிவிட்ட நிலம். எருக்குகூட அங்கே யோசித்துத்தான் முளைக்கும். பகிர்வேர் அதை விடவில்லை. அடுத்த தோட்டம் பிரகல்யாவுடையது, நல்ல செம்மண், மிச்சம் நிறைய. இழைகள் அங்கிருந்து இழுத்தன, இங்கே ஊட்டின. பள்ளம் பச்சையாயிற்று. அதோடு விட்டிருந்தால் பிரகல்யாவும் தர்மத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். அந்தப் பள்ளத்துக் கத்தரிக்காய் ஊரிலேயே ருசியாக இருந்து தொலைத்தது.

மாசியில் கூட்டுச்சோறு நடக்கும். நாற்பது வீட்டுக் கத்தரிக்காயும் நாற்பது மண்சட்டியில் வேகும். ஒரே ஆள் சமைப்பார். உப்பு, மஞ்சள், நல்லெண்ணெய் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. சட்டிக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுப்பார்கள். எல்லாச் சட்டியிலும் ருசி பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்த சட்டியின் முன்னால் இருக்கும் கொட்டாங்குச்சியில் அதைப் போட வேண்டும். அதிகக் கொட்டை விழுந்த வீடு அந்த வருடத்து விதைவீடு. அடுத்த ஆடியில் நாற்பது வீடும் அந்த வீட்டு விதையைத்தான் நாற்றுவிடும். காய்க்கும் அந்த வீட்டுக்காரியின் பெயரையே வைப்பார்கள்.

மூன்று வருடமாக அது ஓவியா கத்தரி.

ஆக, பிரகல்யா தன் தோட்டத்தில் நடுவதும் ஓவியா கத்தரி, களை எடுப்பதும் ஓவியா கத்தரிக்கு. வியாழக்கிழமைச் சந்தையில் தாராபுரத்துக்காரர்கள் அவள் கூடையைத் தொட்டுப் பார்த்து, “இது ஓவியா கத்திரிக்காதானுங்களே?” என்று கேட்பார்கள். “ஆமாங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

“எஞ்சத்து அவ காயில போயி உக்காந்துக்கிட்டு அவ பேரைச் சொல்லுது,” என்றாள் கணவன் கவினிடம்.

“அவளா வந்து தோண்டிட்டுப் போறா? செடி கேக்குது, பூஞ்சை கொண்டுபோயிக் குடுக்குது. உனக்கென்ன இத்தன வெசனம்?”

“உங்களுக்கு அவ என்ன செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்.”

“இப்ப நான் என்ன சொல்லிப்போட்டேன்?” என்று கேட்டுக்கொண்டே கவின் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். பிரகல்யாவோடு இந்த விஷயத்தில் வாதம் பண்ணுவதைவிட மாட்டோடு பேசுவது மேல் என்பது அவருடைய அனுபவம்.

கார்த்திகையில் ஓர் எலி இந்தக் கதைக்குள் வந்தது. கடைசிப் பாத்திக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயை அது கடித்து வைக்க, எட்டு நாள் அந்த வரிசைக்குத் தண்ணீரே போகவில்லை. பிரகல்யா கவனித்தபோது செடிகள் கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள். கருகவில்லை. இலை கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். காய்கள் சிறுத்து, கறுத்து, எண்ணெய் தடவியது மாதிரி மின்னின. நாலு காயைப் பறித்து வந்து மதியம் வதக்கினாள். முதல் வாய் வைத்ததுமே கை நின்றுவிட்டது. அப்படி ஒரு ருசியை அவள் ஓவியாவின் சட்டியில்கூடக் கண்டதில்லை.

மறுநாள் பலகையில் அவள் பெயர் முதல்முறையாக வலது பக்கத்தில் இருந்தது. வாங்கியது இரண்டு பங்கு.

பிரகல்யா படித்தவள், மண்டையில் சரக்கு உள்ளவள். அங்கேயே நின்று யோசித்தாள். தாகத்தில் தவித்த செடி முறையிட்டிருக்கிறது. ஊரே ஓடிவந்து ஊட்டியிருக்கிறது. தவிப்பும் ஊட்டமும் சேர்ந்து காய்க்குள் ருசியாக இறங்கியிருக்கிறது. சூளைப் பள்ளத்துச் செடிகள் ஒன்பது வருடமாகச் செய்வதும் இதைத்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? தன்னுடைய செடிகள் வயிறு நிறைந்து, வாய் மூடி, நல்ல பிள்ளைகளாக இருந்து கெட்டுப்போயின.

அன்று முதல் அவள் செடிகளுக்கு அழச் சொல்லிக் கொடுத்தாள்.

காலை பத்து மணிக்குச் சொட்டுநீர்க் குழாயை மூடிவிடுவாள். இலை மடங்கித் தொங்கும் வரை விடமாட்டாள். பொழுது சாயும்போது செடி சாகாத அளவுக்கு நாக்கு நனையக் கொஞ்சம். செடிக்கு இரண்டு இலை வீதம் ஓரத்தை நகத்தால் கிள்ளிவிடுவாள், புழு கடித்ததென்று செடி பதறட்டும் என்று. மண்ணில் சத்து இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. இல்லாததெல்லாம் நிம்மதிதான். அது அவளுக்கும் இல்லை, செடிக்கு மட்டும் எதற்கு?

“ஏம்புள்ள, மோட்டார் ஓடுது, தண்ணி பாயலியே?” என்றார் கவின்.

“வேர் அழுகுதுங்க. சித்தே காயட்டும்.”

கவின் குழாயைப் பார்த்தார், கிள்ளிய இலைகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் அவர் வருத்தப்பட்டது அதற்குத்தான்.

தை பிறந்தபோது பிரகல்யாவின் தோட்டம் நாளுக்குப் பதினாலு பங்கு வாங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தவர்களின் பட்டியலில் ஓவியாவின் பெயரும் ஐந்து பங்கோடு இருந்தது. சூளைப் பள்ளத்திலிருந்து தன் தோட்டத்துக்கு. அந்த எண்ணைப் பார்த்த காலையில் பிரகல்யாவுக்குக் காப்பி இரண்டு மடங்கு இனித்தது.

ஓவியா வரப்பு வரைக்கும் வந்து விசாரித்தாள். ஒல்லியான பெண், பிரகல்யாவைவிடப் பத்து வயது இளையவள், எதையும் அவசரமில்லாமல் பேசுவாள். அந்த நிதானமே பிரகல்யாவுக்கு ஆகாது.

“ஏனுங்க்கா, உங்க தோட்டத்துக்கு என்னாச்சுங்க? வாங்கற பக்கமே வருதுங்களே. பகிர்வேரப் பாத்துக்கற நிதர்சன்கிட்டச் சொல்லி மண்ணைப் பாக்கச் சொல்லட்டுங்களா?”

“ஊருக்கே குடுத்துக் குடுத்து மண்ணு எளைச்சுப் போச்சு கண்ணு. அதுக்கும் ஓய்வு வேணுமல்ல.”

“அதுஞ் சரிதானுங்க்கா. எடுத்துக்குங்க. நானு வாங்குனதென்ன கொஞ்சமா?”

அவள் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் பிரகல்யாவுக்கு எவ்வளவோ திருப்தியாக இருந்திருக்கும்.

மாசியில் பதினேழாம் எண் சட்டியின் முன்னால் கொட்டாங்குச்சி நிரம்பி வழிந்தது. இருபத்துமூன்று புளியங்கொட்டை. பகிர்வேரைப் பராமரிக்கும் நிதர்சன் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் பெயரைப் படித்தான். மண்ணுயிர்ப் படிப்பு படித்த இளைஞன். யாருக்கும் பயப்படமாட்டான், யாரையும் புண்படுத்தவும் மாட்டான். “பிரகல்யா அக்கா” என்று அவன் சொன்னதும் கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

பழைய விதைவீட்டுக்காரி புதிய விதைவீட்டின் பழுத்த காயில், காம்பைச் சுற்றி மஞ்சள் நூல் கட்ட வேண்டும் என்பது வழக்கம். ஓவியா வந்து கட்டினாள். பிரகல்யா அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஓர் ஓரத்திலாவது எரிச்சல் தெரிகிறதா என்று தேடினாள். “நல்லாருக்குதுங்க்கா உங்க காயி. நானும் கொட்டையை உங்க சட்டிக்குத்தானுங்க போட்டேன்,” என்றாள் ஓவியா. முகத்தில் ஒன்றுமே இல்லை. பொறாமைப்படுகிறவளுக்கு, தன்னைப் பார்த்து யாரும் பொறாமைப்படாத வெற்றி பாதி வெற்றிதான். இருந்தாலும் பிரகல்யா கத்தரி என்று பெயர் வந்துவிட்டது. அதை வைத்துச் சமாளித்துக்கொண்டாள்.

விதை எடுக்கும்போது ஒரு சிறு இடைஞ்சல். பழுத்து மஞ்சளான காய்களைப் பிளந்தால் விதை வழக்கத்தில் முக்கால்வாசிகூட இல்லை. பட்டினி கிடந்த செடி. சாம்பலில் பிசறி, நிழலில் உலர்த்தி, பொட்டலம் கட்டிப் பார்த்தபோது முப்பத்தொன்பதுதான் வந்தது. ஒரு வீட்டுக்குக் குறைந்தது.

“எனக்கு வேண்டாமுங்க. பழைய வெத எங்கிட்ட கெடக்குது, அதையே போட்டுக்கறேன்,” என்றாள் ஓவியா.

“பாத்தீங்களா,” என்றாள் பிரகல்யா வீட்டுக்கு வந்து. “எம் பேரு வெச்ச வெதய அவ மண்ணுல போட அவளுக்கு மனசு வரல.”

“கொறையுதுன்னு விட்டுக் குடுத்தா,” என்றார் கவின்.

“நீங்க மாட்டைப் போயிப் பாருங்க.”

ஆடியில் நாற்றுவிட்டு ஆவணியில் நட்டார்கள். நட்ட செடிகள் புது இலை விட்ட அன்று பங்குப்பலகையின் முன் ஊரே கூடிவிட்டது. முப்பத்தொன்பது பெயர்கள் வலது பக்கத்தில் இருந்தன. அத்தனை தோட்டங்களும் வாங்குகின்றன. முந்தின வாரம்தான் மழை பெய்திருந்தது. மண்ணை அள்ளினால் கையில் ஈரம் ஒட்டியது. அப்படியும் முறையீடு, ஓயாத முறையீடு.

பகிர்வேர் எஜமான் சொன்னதைச் செய்யும் வேலைக்காரன். யார் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கும், யார் கேட்கவில்லையோ அவர்களிடமிருந்து எடுக்கும். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்திலேயே நின்ற மிளகாயும் தக்காளியும் வெண்டையும் கேட்கத் தெரியாமல் முதலில் வெளுத்தன, பிறகு சாய்ந்தன. வரப்போர வேம்புகள் ஆவணி மாதத்தில் இலை உதிர்த்தன. கத்தரியாவது செழித்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு தோட்டத்துக் கத்தரிக்கு ஊட்டியதை அடுத்த தோட்டத்துக் கத்தரி அழுது இழுத்தது. சத்தெல்லாம் இழையிலேயே இங்கும் அங்கும் அலைந்து தீர்ந்தது. செடிகள் முழ உயரத்தில் நின்றுவிட்டன.

மனிதர்களும் செடிகளைப் போலவே ஆனார்கள். “நேத்து நீ எட்டு, நான் ஆறு. ஏன்?” என்று வடக்குத் தோட்டத்து ரிஷிகேசன் தன் சொந்தப் பங்காளியிடம் கேட்டு, அது கைகலப்பு வரை போனது. எல்லாரும் காலையில் பலகை முன் நின்று எல்லாரையும் பார்த்து எரிந்தார்கள். முன்பு பிரகல்யா ஒருத்திக்கு மட்டும் இருந்த வேலை இப்போது ஊர் வேலையாயிற்று.

நிதர்சன் கொட்டகையில் கூட்டம் போட்டான்.

“வயிறு நெறைஞ்ச செடி பசிக்குதுன்னு கத்துதுங்க. இந்த வலைக்கு வயசு இருவத்திரண்டு. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லீங்க.”

“அப்ப எம் மொளகா ஏனப்பா சாகுது?” என்றார் ரிஷிகேசன்.

“மொளகாய்க்கு அழத் தெரியலீங்க.”

“வலைய வெட்டி உட்டரலாமே.”

“வெட்டலாமுங்க. ஆனா இத்தன வருசமா ஊட்டியே பழகுன பயிருங்க. தானாத் தேடித் தின்ன வேரு மறந்துபோச்சு. வெட்டுனா இந்தப் பட்டத்துல எதுவுமே மிஞ்சாது.” நிதர்சன் பிரகல்யா பக்கம் திரும்பினான். “எனக்கு ஒரு சந்தேகமுங்க. தாய்ச்செடி பட்டினி கெடந்தா, அது தன் வெதைக்குள்ள ஒரு சேதி எழுதி வெச்சுரும். உலகம் கேக்காமத் தராது, மொளைச்சதும் அழு, அப்படீன்னு. அதுதான் இப்பக் கத்துதோ என்னமோ. பிரகல்யா அக்கா, போன வருசம் செடிக்கு ஏதாச்சும் செஞ்சீங்களா?”

முப்பத்தொன்பது வீட்டுக் கண்களும் அவள் மேல் திரும்பின. கொட்டகைத் தூணில் அந்த வருடத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: பிரகல்யா கத்தரி. ஆமாம் என்று சொன்னால் அந்த அட்டை இறங்கும். இனி எந்த மாசியிலும் ஏறாது.

“என்னத்தச் செய்யறது? தண்ணி உட்டேன், குப்பை போட்டேன்,” என்றாள்.

கவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், “சொல்லிப்போடு பிரகல்யா. ஊரு சோத்துல கை வெச்சுட்டோம்,” என்றார். அவள் சாதத்தை வடித்தாள். ரிஷிகேசனின் மிளகாய் செத்தால் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் பெயர் போவது அதைவிடப் பெரிய வருத்தம். இப்படி இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் அன்று சாப்பிட்டாள்.

மறுநாளும் பலகையின் இடது பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கொடுப்போர்: ஓவியா. பழைய விதை போட்டவள், அழத் தெரியாத கத்தரி வைத்திருப்பவள். அந்தச் சூளைப் பள்ளத்தை முப்பத்தொன்பது தோட்டங்களும் சேர்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு என்று கீழே விவரம் இருந்தது. பிரகல்யா தன் பெயரைத் தேடினாள். பதினொன்று.

அதே பதினொன்று. கால்கள் தாமாக வரப்புக்கு நடந்தன.

ஓவியாவின் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பாதிப் பாத்தி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் குடத்தில் தண்ணீர் மொண்டு செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உடு, ஊத்தறதெல்லாம் எங்க பக்கமாத்தான் வரும்,” என்றாள் பிரகல்யா.

“வரட்டுமுங்க்கா. நானு வந்த புதுசுல உங்க சத்தைத்தான தின்னுக்கிட்டுக் கெடந்தேன். அப்ப நீங்க ஒரு நாளாச்சும் எதுக்குன்னு கேட்டீங்களா? இப்ப எம் மொறை.” ஓவியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “குடுக்கறதுக்கு இருக்கற வரைக்கும் குடுப்பனுங்க.”

பிரகல்யா தினமும் கேட்டிருக்கிறாள், ஓவியாவின் காதில் விழாமல். அதை இப்போது சொல்ல முடியாது. அவள் திரும்பி வந்தாள். தன் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் முதல் செடியைப் பிடித்து வேரோடு பிடுங்கினாள். பிறகு அடுத்தது.

இந்த இடத்தில் அவள் மனம் திருந்தினாள் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. பொய் சொல்லி மாட்டிக்கொள்ள அவள் தயார், ஊர் மிளகாய் சாவதைப் பார்க்கவும் தயார். ஆனால் ஓவியாவின் கையிலிருந்து பதினோரு பங்கு வாங்கித் தின்கிறவளாக, அதுவும் ஊர் பார்க்கப் பலகையில், ஒரு நாள்கூட இருக்க அவளால் முடியவில்லை. கெட்டுப்போன பள்ளத்தில் நின்றுகொண்டு, கொடுப்பதிலும் ஓவியாவே முதல் என்றால், இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டது?

உச்சிப் பொழுதுக்குள் ஐந்நூறு செடியும் களத்தில் கிடந்தன. கவினும் கூடவே நின்று பிடுங்கினார். பிறகு அவள் நேராகக் கொட்டகைக்குப் போய், தூணில் தொங்கிய அட்டையைத் தானே கழற்றி நிதர்சனிடம் கொடுத்தாள்.

“தண்ணியை அடைச்சேன், எலையக் கிள்ளுனேன். எஞ்செடிக்கு நாந்தான் அழச் சொல்லிக் குடுத்தேன். எல்லாரையும் புடுங்கச் சொல்லு.”

ஊர் அவளைத் திட்டியதை இங்கே எழுதி முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் திட்டி முடித்தும் ஒருவரும் பிடுங்கவில்லை. “நானு முன்னாடி புடுங்குனா எஞ்சத்து அவந்தோட்டத்துக்குப் போயிருமல்ல. மொதல்ல அவன் புடுங்கட்டும்,” என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். நிதர்சன் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். பயனில்லை.

பயன் பலகையால் வந்தது. பிரகல்யா காலித் தோட்டத்தில் சணப்பு விதைத்திருந்தாள். சணப்பு காற்றிலிருந்து சத்தை எடுத்து மண்ணில் போடும் செடி, யாரிடமும் எதையும் கேட்காது. பத்தாம் நாள் காலையில் கொடுப்போர் பத்தியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஓவியா, ஒன்பது. அதற்கு மேலே பிரகல்யா, இருபத்துநாலு.

“பண்ணறதெல்லாம் பண்ணிப்போட்டு அந்தம்மா பேரு உச்சியில நிக்குது,” என்று ரிஷிகேசனின் மனைவி புருஷனிடம் சொன்னாள். “நம்ம பேரு வாங்கித் திங்கற பக்கம் கெடக்குது. உங்களுக்குச் சூடு சொரணை ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அன்று பொழுது சாய்வதற்குள் ரிஷிகேசன் பிடுங்கினார். அடுத்த நாள் அவருடைய பங்காளி பிடுங்கினார், ரிஷிகேசனைவிட அரை ஏக்கர் கூடுதலாகச் சணப்பு விதைத்தார். ஐப்பசி முடிவதற்குள் அழுத கத்தரி ஊரில் ஒன்றுகூட இல்லை. வேம்புகள் துளிர்த்தன. நாற்பது குடும்பமும் காலையில் பலகை முன் நின்று, யார் அதிகம் கொடுத்தது என்று பார்த்து எரிந்தார்கள். நிதர்சன் நிம்மதியாகத் தூங்கினான், ஒரு மாதம்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இடது பக்கத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் அழுத கத்தரி இளைக்க வைத்த மண்ணில் காய்க்கும் பயிர் எதை வைத்தாலும் அது சத்தை வாங்கும். வாங்கினால் பெயர் வலது பக்கம் போய்விடும். வலது பக்கம் போக ஊரில் ஒருத்தருக்கும் மனமில்லை. எனவே வெள்ளோடைப்பாளையம் முழுக்கச் சணப்பு, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. பார்க்கக் கண்ணுக்கு நிறைவு, தின்ன ஒன்றுமில்லை. குதிரில் இருந்த கம்பையும் பயறையும் வைத்து ஒப்பேற்றினார்கள். சிலர் தாராபுரத்துக் கடையில் எங்கிருந்தோ வந்த முட்டைக்கோசை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள். பிரகல்யா கொண்டுவந்தது இரண்டு கிலோ.

ஒருத்திக்கு மட்டும் பலகையைப் பார்க்கும் பழக்கம் இல்லை. ஓவியா தன் மீதிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள், செத்துப்போன இடத்தில் பழைய விதையைப் போட்டாள், பக்கத்தில் மிளகாயும் வெண்டையும் வைத்தாள். அவை சாதாரணமாகப் பசித்தன, சாதாரணமாகக் கேட்டன. முப்பத்தொன்பது தோட்டத்தின் சத்தும் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த பகிர்வேர், கேட்ட ஒரே வீட்டுக்கு அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுத்தது.

தையில் பங்குப்பலகை இப்படி இருந்தது. கொடுப்போர்: முப்பத்தொன்பது பேர், உச்சியில் பிரகல்யா. வாங்குவோர்: ஓவியா.

பிரகல்யா அதை வெகுநேரம் பார்த்தாள். ஆசைப்பட்ட முதல் இடம் கிடைத்திருந்தது. அதன் பொருள், ஊரிலேயே ஓவியாவுக்கு அதிகமாகக் கொடுத்தவள் என்பதுதான். அன்று காப்பியை அப்படியே வைத்துவிட்டாள்.

மாசியில் கூட்டுச்சோறு வழக்கம்போல நடந்தது. நாற்பது சட்டிக்குப் பதில் ஒரே பெரிய அண்டா. எண் எழுதவில்லை, எழுதி என்ன? முன்னால் ஒரே ஒரு கொட்டாங்குச்சி. உப்பு, மஞ்சள், நல்லெண்ணெயோடு வெந்த கத்தரிக்காயின் வாசனை கொட்டகையைத் தாண்டிச் சாலை வரை போனது. ஆறு மாதமாகப் பச்சைக்காய் அதிகம் காணாத ஊர் வரிசையில் நின்றது. வாங்கியவர்கள் அங்கேயே நின்று தின்றுவிட்டு, புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

பிரகல்யாவின் முறை வந்தது. ஓவியா தானே கரண்டியால் எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பிரகல்யா ஒரு துண்டை வாயில் போட்டாள். இதில் தன்னுடைய சணப்பும் இருக்கிறது, ரிஷிகேசனின் மண்ணும் இருக்கிறது, ஊரில் உள்ள அத்தனை பேரின் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வெண்ணெயாகக் கரைந்தது. எலி கடித்த பாத்தியில் விளைந்ததுகூட இதன் பக்கத்தில் நிற்காது.

“எப்படிங்க்கா இருக்குது?” என்றாள் ஓவியா.

பிரகல்யா மென்று விழுங்கினாள். கையில் இருந்த புளியங்கொட்டையைக் கொட்டாங்குச்சியில் போட்டாள். போட வேறு இடம் இல்லை.

“உப்பு கொஞ்சம் கம்மி,” என்று சொல்லிவிட்டுத் தட்டை மறுபடியும் நீட்டினாள்.